வாத்தியார் பதில்கள்: உயிர்க்காலேஜும் ஓட்டைக் காலணாவும்

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, "எங்கள் அப்பா பர்மாவில் ராணுவ லாரி ஓட்டியவர்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை முழுக்க இரண்டாம் உலகப் போர். சினிமா, ஜோதிடம், முழங்கால் வலி கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.எம்., தாம்பரம்: அது வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. அதில் இந்தியா செய்தது என்ன?

1939 செப்டம்பர் 3-ம் தேதி, "இந்தியாவும் போரில் இருக்கிறது" என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். காந்தியை, நேருவை, ஜின்னாவை, யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணைக் கேட்காமல் பத்திரிகை அடித்த கதைதான். அந்தக் கோபத்தில் அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. மற்ற மாகாணங்களின் காங்கிரஸ் மந்திரிசபைகளும் அப்படியே.

இவ்வளவும் நடந்த அதே நாட்டில்தான், 1939-ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த ராணுவம் 1945-ல் 25 லட்சமாக வளர்ந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. அத்தனை பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள். எரித்திரியாவில் கெரென் மலை, வட ஆப்பிரிக்கப் பாலைவனம், இத்தாலியில் மான்டே காஸினோ, மலேயா, பர்மா என்று போய்ச் சண்டை போட்டார்கள். 87,000 பேர் திரும்பவில்லை.

ஜப்பானியர் 1944-ல் இம்பாலையும் கொஹிமாவையும் பிடிக்க வந்தபோது தடுத்து நிறுத்திய ஜெனரல் ஸ்லிம்மின் 14-வது படையில் பெரும்பகுதி இந்தியர்கள்தான். பிரிட்டனின் மாபெரும் போர் எது என்று 2013-ல் லண்டன் ராணுவ அருங்காட்சியகம் வாக்கெடுப்பு நடத்தியது. வாட்டர்லூவையும் நார்மண்டியையும் தள்ளிவிட்டு இம்பால்-கொஹிமாதான் முதலிடம் பிடித்தது. முப்பத்து நான்கு வருடம் சரித்திர வாத்தியாராக இருந்தேன். நான் நடத்திய எந்தப் பாடப் புத்தகத்திலும் இம்பாலுக்கு அரைப் பக்கம் கிடைத்ததில்லை.

கல்லூரி மாணவி, நாமக்கல்: உங்கள் அப்பா எதற்காகப் பட்டாளத்தில் சேர்ந்தார்? வெள்ளைக்காரன் மீது விசுவாசமா?

நானும் இதே கேள்வியை, இதே தொனியில், கல்லூரியில் படிக்கும்போது அவரிடம் கேட்டேன். கொஞ்சம் சிவப்பாக யோசித்துக்கொண்டிருந்த வயது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "லாரி ஓட்டச் சொல்லிக் குடுத்தான்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அத்தையிடமும் சித்தப்பாவிடமும் கேட்டுக் கேட்டுத்தான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டேன். மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் கிராமம். சொந்த நிலம் இல்லை. எட்டாவதோடு நின்ற இருபது வயதுப் பையன். 1942-ல் ஆள்சேர்க்க வந்தவர்கள் மூன்று வேளை சாப்பாடு, இரண்டு ஜோடிக் காக்கி, பூட்ஸ், வீட்டுக்கு மாதாமாதம் மணியார்டர் என்றார்கள். அந்த மணியார்டரில்தான் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. இதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதா, வயிறு என்று வைப்பதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. போருக்கு முன்னால் வெள்ளைக்காரன் கணக்குப்படி தமிழன் "வீர இனம்" இல்லை. பஞ்சாபியும் கூர்க்காவும் பட்டாணியும்தான் சண்டைக்காரர்கள் என்று ஒரு சித்தாந்தம் வைத்திருந்தான். காலாட்படையில் இருந்த மதராஸ் ரெஜிமென்டை 1920-களில் கலைத்தேவிட்டான். போர் முற்றி ஆள் போதாமல் போனதும் திடீரென்று நமக்கு வீரம் வந்துவிட்டது! ரெஜிமென்டை மறுபடி தொடங்கினார்கள். வண்டி ஓட்ட, பாலம் கட்ட, கம்பியில்லாத் தந்தி அடிக்க, எழுதப் படிக்கத் தெரிந்த பையன்கள் வேண்டும் என்று சென்னை மாகாணத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள்.

எஸ்.கே., அரக்கோணம்: பர்மாவில் அவர் சுட்டாரா? எத்தனை பேரை?

அவர் இருந்தது ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்ற சப்ளை பிரிவு. அரிசி, மாவு, பெட்ரோல், தோட்டா ஏற்றிப் போவதுதான் வேலை. திமாப்பூரிலிருந்து கொஹிமா வழியாக இம்பாலுக்குப் போகும் ஒற்றை மலைப்பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பார்க்கக்கூடாத பள்ளம், மேலே மழை. 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் அந்தப் பாதையை அறுத்தபோது அப்பா இம்பால் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். ஜூன் 22-ம் தேதி 109-வது மைல்கல் பக்கத்தில் இரண்டு பக்கத்துப் படைகளும் சந்தித்துப் பாதை திறக்கும்வரை உள்ளே இருந்தவர்களுக்கு எல்லாமே விமானத்தில்தான் வந்தது. படியும் குறைந்துவிட்டது. "109" என்ற எண்ணை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். ஏதோ லாட்டரி நம்பர் என்று அம்மா பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானியர் சுமார் 85,000 பேருடன் கிளம்பி வந்தார்கள். மூன்றே வாரத்துக்கான சாப்பாட்டைக் கொண்டு வந்து, இம்பாலின் கிட்டங்கிகளைப் பிடித்து மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். கிட்டங்கி கிடைக்கவில்லை. பாதிக்கும் மேலானவர்கள் போனார்கள். குண்டடிபட்டுச் செத்தவர்களைவிடப் பசியிலும் பேதியிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் அதிகம். பாதை திறந்த பிறகு வண்டியில் போகும்போது வழியோரத்தில் பார்த்ததைப் பற்றி அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். "எல்லாம் எலும்பும் பூட்ஸுமா கெடந்துது. நம்ம வயசுதான்."

மலேரியாவுக்கு மெபக்ரின் என்று ஒரு மஞ்சள் மாத்திரை. தினமும் வரிசையில் நிற்க வைத்து விழுங்க வைப்பார்கள். உடம்பே மஞ்சள் பூசினமாதிரி ஆகிவிடுமாம். அதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று முகாம் முழுக்க வதந்தி. நிறையப் பேர் நாக்குக்கு அடியில் ஒளித்துத் துப்பினார்களாம். அப்பா ஒழுங்காக விழுங்கினார். நாங்கள் ஏழு பேர்.

பெயர் வேண்டாம், திருவல்லிக்கேணி: 1942-ல் சென்னையே காலியானது என்று என் பாட்டி சொல்வார். உண்மையா? குண்டு விழுந்ததா?

பாட்டி சொன்னது உண்மை. என் அம்மாவும் அப்போது உங்கள் திருவல்லிக்கேணியில்தான், எட்டு வயது. தாத்தா துறைமுகத்தில் குமாஸ்தா.

நடந்தது இப்படி. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். பர்மாவிலிருந்து நம்மவர்கள் லட்சக்கணக்கில் காட்டு வழியாக நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்தக் கதைகள் ரயிலேறி மெட்ராசுக்கு வந்து சேர்ந்தன. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. 9-ம் தேதி திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். மெட்ராஸ்காரன் மேப்பைப் பார்த்தான். அடுத்தது நாம்தான்.

அவசியம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்கார் அறிவித்தது. அறிவித்த கையோடு சர்க்காரே மூட்டை கட்டியது. ஆபீஸ்கள் கடலோரம் இல்லாத உள்மாவட்ட ஊர்களுக்குப் போயின; ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போயிற்று. அதைப் பார்த்த பிறகு ஜனங்கள் நிற்பார்களா? எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயிலில் ஏற முடியாமல் ஜன்னல் வழியாகக் குழந்தைகளைத் திணித்தார்கள். என் அம்மாவும் அப்படி ஜன்னல் வழியாக ஏறியவர்தான். ரயில் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டியில் பாத்திரம் பண்டத்தோடு போனார்கள். தெருத்தெருவாகப் பூட்டிய வீடுகள். இனிமேல் மெட்ராசே இல்லை என்று நினைத்து வந்த விலைக்கு வீட்டை விற்றவர்களும் உண்டு. துணிந்து வாங்கியவர்களும் உண்டு; அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வாடகை வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

அம்மா அடிக்கடி சொன்னது இதையெல்லாம் அல்ல, உயிர்க்காலேஜைப் பற்றி. இளையவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கால மெட்ராசில் மிருகக்காட்சி சாலை "உயிர்க்காலேஜ்", எழும்பூர் மியூசியம் "செத்த காலேஜ்". உயிர்க்காலேஜ் சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில், ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலியும் சிங்கமும் தெருவில் வந்துவிடுமே என்று பயந்து, மலபார் ஸ்பெஷல் போலீஸை வைத்து அவற்றைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அம்மா அதற்கு முந்தைய பொங்கலுக்குத்தான் போய்ப் பார்த்திருந்தார். "ஜப்பான்காரன் எங்க ஊர்ல ஒருத்தரையும் கொல்லல. நாமளே சிங்கத்தச் சுட்டுட்டோம்" என்பார்.

ஜப்பான் கப்பல்கள் வரவே இல்லை. பசிபிக்கில் வேலை இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டன. கொழும்பைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, அடுத்த ஜூனிலேயே மிட்வே சண்டையில் கடலுக்கு அடியில் போய்விட்டன. ஓடியவர்கள் ஒவ்வொருவராகக் கொஞ்சம் வெட்கத்தோடு ஊர் திரும்பினார்கள். ஆனால், யாருமே பயப்படாமல் இருந்த 1943 அக்டோபரில் ஓர் இரவு, ஒற்றை ஜப்பான் விமானம் வந்து மெட்ராசில் கொஞ்சம் குண்டைப் போட்டுவிட்டுப் போனது. பெரிய சேதம் இல்லை. பயந்தபோது வரவில்லை, வந்தபோது பயப்பட நேரமில்லை.

வி.டி., கடலூர்: எம்டன் கப்பல் குண்டு போட்டதும் அப்போதுதானே?

அது முதல் உலகப் போர். 1914 செப்டம்பர் 22, ஜெர்மன் கப்பல். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு அரை மணி நேரத்துக்குள் போய்விட்டது. அதற்குள் நம் அகராதியிலும் ஏறிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்கிறோம். ஜப்பான்காரனுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

பி.எல்., ஈரோடு: "செய்தியை இருட்டடிப்பு செய்தார்கள்" என்கிறோமே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி. விமானத்துக்குத் தெரியக்கூடாது என்று ராத்திரியில் விளக்கை அணைத்து, ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, கார் முகப்பு விளக்கில் பாதியை மறைத்து வைப்பதற்குத்தான் அப்போது இருட்டடிப்பு என்று பெயர். ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் தற்காப்புத் தொண்டர்கள் தெருவில் ரோந்து வந்து, வெளிச்சம் தெரிகிற வீட்டுக் கதவைத் தட்டித் திட்டுவார்கள். போர் முடிந்தது, விளக்கு எரிந்தது. வார்த்தைக்கு மட்டும் பத்திரிகை ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது.

குடும்பத் தலைவி, திண்டுக்கல்: அந்தக் காலத்தில் வீட்டில் சமையலெல்லாம் எப்படி? ரேஷன் அப்போதுதான் வந்ததா?

ஆமாம், நீங்கள் இன்று கையில் வைத்திருக்கும் கார்டுக்கு முப்பாட்டி அந்தப் போர்தான். பர்மாவிலிருந்து வருடத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வந்துகொண்டிருந்தது. ரங்கூன் விழுந்ததும் ஒரு மணி வரவில்லை. 1943-ல் நகரங்களில் ரேஷன் தொடங்கியது. அரிசி போதாததற்குக் கோதுமை கொடுத்தார்கள். அரிசிச் சோற்றுக்கே பிறந்த நம் ஜனங்கள் கோதுமையை என்ன செய்வார்கள்? மெட்ராசுக்குத் திரும்பியிருந்த அம்மாவழிப் பாட்டி அதை உடைத்துப் பொங்கலாக்கிப் பார்த்தார், கஞ்சியாக்கிப் பார்த்தார். சப்பாத்தி என்று ஒன்று பண்ணினாராம். "எரு மூட்டத்துக்குப் போடுற வரட்டி தேவலாம்" என்று தாத்தா சொல்லி, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. அதே சப்பாத்தியை அங்கே பர்மாவில் அப்பா ருசித்துத் தின்னப் பழகியிருந்தார்! எட்டு வருடம் கழித்து மாப்பிள்ளையாக வந்து அதைக் கேட்டபோது பாட்டியின் முகம் எப்படி இருந்திருக்கும்?

மண்ணெண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை, துணி இல்லை. பெட்ரோல் பட்டாளத்துக்கு என்று ஆனதால் பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் பெரிய அடுப்புமாதிரி ஒரு பாய்லர். கிளீனர் பையன் கைப்பிடியைப் பிடித்து அரை மணி நேரம் சுற்றினால் கரிவாயு உண்டாகிப் பஸ் கிளம்பும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும், டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு.

செம்புத் தட்டுப்பாட்டில் காலணாவுக்கே நடுவில் ஓட்டை போட்டார்கள். 1943-லிருந்து வந்த அந்த ஓட்டைக் காலணா பழைய காலணாவில் பாதி எடைகூட இல்லை. அதன் விலைமதிப்பும் அப்படித்தான் போயிற்று. புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு வருடத்தில் ஆறு மடங்கானது, சாமான் மட்டும் கூடவில்லை. எங்கள் வீட்டில் கதவு நாதாங்கிக்கு வாஷராக ஓட்டைக் காலணாதான் இருந்தது. போன வருடம் வீட்டை இடித்தபோது கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன்.

கடிகாரத்தையும் விடவில்லை. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர்வரை நாடு முழுக்க ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க. பாட்டிக்கு வந்த சந்தேகம்: ராகுகாலம் பழைய மணிக்கா, புது மணிக்கா? இரண்டையும் தவிர்த்தாராம். நாளில் இரண்டரை மணி நேரம் வீட்டில் நல்ல காரியம் எதுவும் நடக்காது.

ஜி.எஸ்., திருச்சி: வங்காளப் பஞ்சத்துக்கும் போருக்கும் சம்பந்தம் உண்டா? அது வறட்சி என்கிறார்களே?

வறட்சி இல்லை. இதில் மட்டும் வேடிக்கையாக எழுத எனக்குக் கை வராது.

1942 அக்டோபரில் மிதினாப்பூர் பக்கம் புயல் அடித்தது, பயிரில் நோய் வந்தது, பர்மா அரிசி நின்றது, எல்லாம் உண்மை. ஆனால் அதற்கு முன்பே, ஜப்பான்காரன் வந்தால் அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரிசியை எடுத்தார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையெல்லாம் பறிமுதல் செய்தார்கள். ஆறும் ஓடையுமான ஊரில் படகைப் பிடுங்கினால் மீனவன் என்ன செய்வான், குயவன் என்ன செய்வான், நெல் எப்படிச் சந்தைக்குப் போகும்? விலை ஏறிக்கொண்டே போனது. கல்கத்தாவில் போர்ச்சாமான் செய்த தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அரிசி கிடைத்தது. கிராமத்துக் கூலிக்காரன் கல்கத்தா நடைபாதையில் வந்து விழுந்தான். தானியம் அனுப்பக் கப்பல் கேட்டபோது சர்ச்சில் அரசாங்கம் போர்க் காரணத்தைச் சொல்லிச் சொற்பமே கொடுத்தது. சர்க்கார் கமிஷன் சொன்ன சாவுக் கணக்கு 15 லட்சம். பின்னாளில் அமர்த்தியா சென் போட்ட கணக்கு 30 லட்சத்துக்குப் பக்கம். பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரிலும் 1943-ல் பட்டினிச் சாவுகள் இருந்தன.

முதல் பதிலில் 87,000 என்று எழுதினேனே, அதற்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பாருங்கள். அந்தப் போரில் இந்தியர்கள் அதிகம் செத்தது கெரெனிலோ கொஹிமாவிலோ அல்ல.

தமிழ் மாறன் (புனைபெயர்), மதுரை: நேதாஜி ஐ.என்.ஏ.வுக்கு (இந்திய தேசிய ராணுவம்) தலைமையேற்று இந்தியாவுக்காகப் போராட, உங்கள் அப்பா எதிர்ப்பக்கம் நின்றாரே. வெட்கமாக இல்லையா?

கேட்டுவிட்டீர்கள், பரவாயில்லை. எனக்குப் பத்தொன்பது வயதில் வெட்கமாகத்தான் இருந்தது.

ஐ.என்.ஏ.வில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், பெண்கள்கூட ஜான்சி ராணி படையில் துப்பாக்கி தூக்கினார்கள் என்பது நிஜம். அதே தோட்டங்களிலிருந்து அதே ஜப்பான்காரன் தமிழர்களைப் பிடித்துப்போய்ச் சயாம்-பர்மா ரயில் பாதையில் போட்டு, 415 கிலோமீட்டருக்கு ஆயிரமாயிரமாகப் புதைத்ததும் நிஜம். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

1945 மே மாதம் ரங்கூனை ஜப்பானியரிடமிருந்து மீட்ட பிறகு அப்பா அங்கே போனார். கைதியாக உட்கார்ந்திருந்த ஐ.என்.ஏ. ஆட்களில் ஒருவர் தமிழில் தண்ணீர் கேட்டிருக்கிறார். "எந்த ஊரு?" "பொறந்தது ஈப்போ. அப்பாரு மன்னார்குடி பக்கம்." எங்கள் கிராமத்திலிருந்து நாலு மைல்! அப்பா தண்ணீரும் பீடியும் கொடுத்தார். "எதுக்குடா சேந்த?" என்று கேட்டாராம். அந்த ஆள், "நீ எதுக்கு சேந்த?" என்று திருப்பிக் கேட்டாராம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சார்ஜென்ட் வந்து பீடியைப் பிடுங்கிப் போட்டானாம்.

ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர்: தமிழ் வீரர்கள் பெயர் ஒன்றையாவது எழுதுங்கள் ஐயா.

கட்டாயம். சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவு. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ என்ற இடம். கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு வெடி கிளம்பிவிட்டது. விழுந்து ஒதுங்க நேரம் இருந்தது. அவர் ஒதுங்கவில்லை, வெடியின் மேலேயே பாய்ந்து படுத்துவிட்டார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த முறை காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை வாங்கப் போகிறவர்கள் இந்தப் பெயரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

என்.ஆர்., கும்பகோணம்: போர் முடிந்து திரும்பிய அப்பாவுக்கு என்ன கிடைத்தது?

நாட்டுக்கே என்ன கிடைத்தது என்று முதலில் பாருங்கள். போருக்கு வாங்கிய சாமானுக்கும் சிப்பாய்க்கும் பிரிட்டன் கணக்கெழுதி வைத்ததில், 1945-ல் அது நமக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. கடன்காரனாகப் போருக்குள் போன நாடு கடன் கொடுத்த நாடாக வெளியே வந்தது. அந்தப் பணத்தை நம் ஜனங்கள் பட்டினி கிடந்து சேர்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

அப்பாவுக்கு ஒரு பர்மா ஸ்டார் பதக்கம், ஒரு இரும்புப் பெட்டி, ஒரு டிரைவிங் லைசென்ஸ். போர்க்காலத்துக்கு மட்டும் சேர்ந்தவர் என்பதால் பென்ஷன் இல்லை. அறுபது வயதுக்கு மேல் ஏதோ உதவித்தொகை கேட்டு ஒரு ஆபீசுக்கு நடந்தார். பர்மாவில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். பதக்கத்தைக் காட்டினார். "இது கடையில்கூடக் கிடைக்கும் பெரியவரே" என்றாராம் அந்த எழுத்தர். அதற்குப் பிறகு போகவில்லை.

ஆனால் லைசென்ஸ் கடைசிவரை சோறு போட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் டிரைவர். எங்கள் கிராமம்தான் கடைசி ஸ்டாப். நைட் ஹால்ட் வண்டி, எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். நிறுத்தியதும் கண்டக்டர் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். அப்பா இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் பெரிய கல்லாகப் பார்த்து அண்டக் கொடுத்துவிட்டுத்தான் கால் கழுவுவார். மழை ராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுந்து, அரிக்கேன் விளக்கோடு போய் கல் இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கள் ஊர் டெல்டா, தாம்பாளம்மாதிரி மட்டம். கோலிக்குண்டை வைத்தாலும் உருளாது.